பதம் பார்க்கும் கை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்றனர் நம் முன்னோர். "பதறாத காரியம் சிதறாது" என்றவர்களும் அவர்களே. முதல் பழமொழி உழவனை விரைந்து எழச் சொல்கிறது. இரண்டாவது பழமொழி அவன் தோளைத் தொட்டு நிறுத்துகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் இவ்விரண்டுக்கும் பிணக்கு எழுவதில்லை. புரட்டாசி முடியும் தறுவாயில், கிழக்கே வானம் கறுத்து, வயலில் உழவு பாதியில் நிற்கும்போதுதான் இரண்டும் ஒருசேர அவன் முன் வந்து நிற்கின்றன. இன்றைக்கே முடித்துவிடு என்கிறது ஒன்று. இந்த ஈரத்தில் ஏரை இறக்காதே என்கிறது மற்றொன்று. எதைக் கேட்பது?

இது வேளாண்மைக் கேள்வி மட்டுமன்று. செய்ய வேண்டிய கடமை ஒன்று இருக்கிறது. அதற்குரிய காலம் முடிந்துகொண்டிருக்கிறது. சூழலோ அதை நன்றாகச் செய்ய விடவில்லை. அந்நிலையில் அரைகுறையாகவேனும் செய்து முடிப்பது நேர்மையா? செய்யாமல் காத்திருப்பது நேர்மையா? ஏதோ ஒரு நாள் நாம் ஒவ்வொருவரும் சந்திக்கும் அறக்கேள்வி இது.

மழைக்கு முன்னும் பின்னும்

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லியை அடுத்த நசரத்பேட்டையில் இக்கேள்வியை உழவுக் கேள்வியாகவே கேட்பவர்கள் இன்று மிகச் சிலர். பெங்களூரு நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் அவ்வூரைத் தொட்டுச் செல்கின்றன. வயல்கள் மனைகளாயின. பாசனத்துக்கென்றே வாழ்ந்த செம்பரம்பாக்கம் ஏரி இன்று மாநகரின் குடிநீர்த் தேக்கம். ஆயினும் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் உட்கிராமங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் பருவப் பெயர்கள் இன்னும் பேச்சில் வாழ்கின்றன. ஏர் பூட்டியோ டிராக்டர் ஓட்டியோ, மழைக்கு முந்த முயலும் கைகள் அங்கே இன்னும் உள்ளன.

குளிர் நாடுகளில் நிலம் பனியில் உறைவதற்கு முன், இலையுதிர்காலத்திலேயே உழவை முடிக்க வேண்டும். நமக்குப் பனியின் இடத்தில் நிற்பது ஐப்பசி அடைமழை. சென்னையைச் சூழ்ந்த கடலோர மாவட்டங்களில் ஆண்டு மழையில் பெரும்பங்கைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. ஆகவே இப்பகுதியின் ஏரிப்பாசன, மானாவாரி நிலங்களில் புழுதி விதைப்பு என்னும் முறை நெடுங்காலமாக வழக்கில் உண்டு. கோடையின் வெயிலிலும் ஆடி, ஆவணி மாதங்களின் இடைமழையிலும் நிலத்தை உழுது புழுதியாக்கி, நெல்லை உலர்ந்த மண்ணிலேயே விதைத்துவிடுவார்கள். கிடைக்கும் தூறலில் பயிர் முளைக்கும். பருவமழை வந்து வயலில் நீர் நிற்கும்போது நன்செய்ப் பயிராக வளரும். பெருமழைக்கு முன் வேரூன்றிவிட வேண்டும் என்பதே இதன் நுட்பம்.

மற்றொரு முறை சேற்றுழவு. வயலில் நீரை நிறுத்தி, மண்ணைக் குழம்பாகக் கலக்கி, பரம்படித்து நாற்று நடுவது. இதில் ஈரம் பகையன்று. ஈரமின்றி வேலையே இல்லை. மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, அடியில் ஓர் இறுகிய தளத்தை உண்டாக்குவதால்தான் வயலில் நீர் தங்குகிறது.

புழுதிக்கு ஒரு நியாயம், சேற்றுக்கு ஒரு நியாயம். இரண்டுக்கும் இடைப்பட்ட மண்ணுக்குத்தான் நியாயம் இல்லை. புழுதியாக உதிராமல், சேறாகவும் கரையாமல் பிசுபிசுத்து நிற்கும் மண்ணில் ஏரை இறக்கினால், கொழு புரட்டிப்போடும் ஒவ்வொரு புரளும் காய்ந்தபின் செங்கல் போன்ற கட்டியாகும். டிராக்டரின் எடை ஈரமண்ணின் நுண்துளைகளை நசுக்கிவிடும். மேற்பரப்பின் கட்டிகளை மறு உழவில் உடைக்கலாம். ஆழத்தில் இறுகிய மண்ணோ பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். நெல்லுக்குப் பின் விதைக்கும் உளுந்தின் வேரும் நிலக்கடலையின் வேரும் அங்கே முட்டி நிற்கும். ஒரே நாள் அவசரத்தின் கடனை மண் வட்டியோடு வசூலிக்கிறது.

தெற்கே கோவில்பட்டி வட்டாரத்தின் கரிசல் நிலத்தில் இது இன்னும் கடுமை. மழை பெய்தால் கரிசல் காலைவிட்டு அகலாது, கலப்பையையும் விடாது. எனவே அங்குள்ளோர் மழைக்கு முன்பே உலர்ந்த நிலத்தில் விதைத்துவிட்டு வானத்தை நோக்குகிறார்கள். பிந்தியபின் பதறுவதைவிட முந்திச் செய்துவிட்டுப் பொறுத்திருப்பது மேல் என்பதை அந்த மண் அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது.

இரு குற்றங்கள், ஒரே வேர்

நீதிமொழிகள் நூல், பருவத்தில் உழாத சோம்பேறி அறுவடை நாளில் வெறுங்கையோடு நிற்பதைக் காட்டுகிறது (20:4). இலத்தீன் வுல்காத்தா மொழிபெயர்ப்பு, அவன் குளிருக்கு அஞ்சி உழவில்லை என்று காரணமும் சேர்க்கிறது. பாலஸ்தீனத்தில் கோடையில் இறுகிய மண்ணை இளக்குவது இலையுதிர்கால முன்மழையே; அதன்பின்தான் அங்கு உழவு. ஈரமும் குளிரும் அவ்வேலையோடு கூடவே வருபவை. அவற்றைச் சாக்காகச் சொல்பவன் வேலையையே மறுக்கிறான்.

ஆனால், சோம்பலைக் கண்டிக்கும் நாம் அதன் எதிர்முனையைப் பெரும்பாலும் பாராட்டிவிடுகிறோம். எப்படியோ முடித்துவிட்டான் என்பது நம்மிடையே புகழ்ச்சொல். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினார் இங்கே நமக்கு உதவுகிறார். விவேகம் என்னும் நற்பண்பை ஆராயும்போது அவர் ஆராயாமல் பாயும் பதற்றத்தையும், செய்ய வேண்டியதில் அக்கறை காட்டாத அசட்டையையும் ஒரே பண்புக்கு எதிரான குற்றங்களாகவே வைக்கிறார். ஒன்று மிகுதியான சுறுசுறுப்பு, மற்றொன்று குறைவான சுறுசுறுப்பு என்று அவர் அளக்கவில்லை. உண்மையான நிலைமையைக் காண மறுப்பதே இரண்டிலும் உள்ள கோளாறு.

உழவனைக் கொண்டே இதை விளக்கலாம். மூவரை எண்ணிப்பாருங்கள். ஒருவன் திண்ணையில் அமர்ந்து வானத்தைப் பார்க்கிறான். மழை வரும்போல் இருக்கிறது என்று எழுவதில்லை. காற்றையே நோக்கியிருப்பவன் விதைக்கமாட்டான் என்று சபை உரையாளர் (11:4) எச்சரிப்பது இவனைத்தான். இரண்டாமவன் பக்கத்து வயலைப் பார்க்கிறான். அவன் உழுதுவிட்டானே என்று ஏரைப் பூட்டிக்கொண்டு இறங்குகிறான். மூன்றாமவன் தன் வயலுக்குப் போகிறான். குனிந்து, கொழு இறங்கும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்துகிறான். உருண்டையைக் கட்டைவிரலால் தொட்டதும் பொலபொலவென உதிர்ந்தால் ஏர் பூட்டலாம். உதிராமல் விரல் பதிந்து, கையில் ஈரம் ஒட்டினால் இன்று உழவு இல்லை. நாளை மறுபடியும் வருவான்.

தெருவிலிருந்து பார்ப்பவர்க்கு முதலாமவனும் மூன்றாமவனும் ஒன்றே. இருவருமே இன்று உழவில்லை. வேறுபாடு கையில் இருக்கிறது. ஒருவன் கையில் மண் ஒட்டியிருக்கிறது. மற்றவன் கையில் ஒன்றுமில்லை. நம் காத்திருப்பு பொறுமையா சோம்பலா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை. காத்திருக்கும் நாளிலும் நான் வயலுக்குப் போனேனா?

தமிழில் இதற்குப் 'பதம்' என்று அருமையான சொல் இருக்கிறது. சோற்றுக்குப் பதம், பாகுக்குப் பதம், மண்ணுக்குப் பதம். பதத்தை நாட்காட்டி சொல்லாது. அடுத்த வீட்டார் சொல்ல முடியாது. தொட்டுத்தான் பார்க்க வேண்டும். ஊர் வழக்கும் மூத்தோர் அறிவுரையும் வழிகாட்டலாம். இறுதியில் பொறுப்போடு தொட்டறிய வேண்டியது நம் மனச்சான்றே. உடன்பிறந்தோரிடையே சொத்துத் தகராறு. சினத்தின் ஈரம் காயுமுன் இன்றே பேசி முடிப்போம் என்று உட்காருகிறோம். உறவு கட்டி கட்டியாக இறுகிவிடுகிறது. வேறொரு வீட்டில், காலம் ஆற்றும் என்று இருபது ஆண்டுகள் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்நிலம் முள் மண்டிப்போகிறது. இரண்டு இடத்திலும் எவரும் மண்ணைத் தொடவில்லை.

பதம் தவறினால்?

இத்தனையும் செய்தும் பதம் கிடைக்காமல் போகலாம். 2019-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் இடைவிடாத மழையால் வயல்கள் நீரில் ஊறின. பல உழவர்களால் குளிர்காலக் கோதுமையை விதைக்கவே இயலவில்லை. தொடர்ந்து வந்த வசந்தமும் வறண்டது. முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 162 இலட்சம் டன்னாக இருந்த பிரிட்டனின் கோதுமை விளைச்சல் 2020-இல் ஏறத்தாழ 97 இலட்சம் டன்னாகச் சரிந்தது. அங்கே எந்திரத்துக்குக் குறைவில்லை, அறிவுக்கும் குறைவில்லை. மனித முயற்சிக்கு ஓர் எல்லை உண்டு என்பதே அந்த ஆண்டின் பாடம்.

எல்லையை ஏற்பது கைவிடுவதாகாது. முன்மழை முந்திக்கொண்டால் நம் உழவன் புழுதி விதைப்பை விட்டுச் சேற்றுழவுக்கு மாறுகிறான். சம்பா தவறினால் குறுகிய வயதுடைய நெல்லோடு நவரைக்கு ஆயத்தமாகிறான். மண்ணை மாற்ற முடியாதபோது வேலையை மாற்றிக்கொள்கிறான். கடமையின் ஒரு வடிவம் இயலாதபோது அதன் வேறு வடிவத்தைத் தேடுவது தோல்வியன்று.

ஆனால் இன்னொன்றையும் மறைக்கலாகாது. பதம் பார்த்துக் காத்திருக்க எல்லாராலும் முடிகிறதா? சொந்த டிராக்டர் வைத்திருப்பவர் மண் உதிரும் நாளில் உழுகிறார். மணிக்கணக்கில் வாடகை கொடுத்து அமர்த்தும் சிறு உழவரின் வயலுக்கோ, டிராக்டர் வரும் நாளே உழவு நாள். பெரிய வயல்கள் முடிந்து அது வந்து சேரும்போது மண் பிசுபிசுத்துக் கிடந்தாலும் வேண்டாமென்று அனுப்ப அவரால் முடியாது. அனுப்பினால் மறுமுறை எப்போது வருமோ? விதை வாங்கிய கடனும் காத்திருக்காது. அவருடைய வயலில் இறுகும் கட்டியை அவருடைய அவசரத்தின் கணக்கில் எழுதுவது அநீதி. முன்பு ஒருவர் ஏர் மற்றவர் வயலுக்கும், அவர் ஏர் இவர் வயலுக்குமாக மாற்றி உழுத ஒத்தாசை இருந்தது. இன்று வேளாண்மைப் பொறியியல் துறை குறைந்த வாடகைக்கு எந்திரங்களைத் தருகிறது. இத்தகைய ஏற்பாடுகள் எளியவரின் முறை வரும்வரை பதம் தவறாதபடி அமைகின்றனவா என்பதே கேட்கத்தக்க கேள்வி. பிறருடைய பதம் தவறக் காரணமாயிருந்துகொண்டு அவர்களுக்கு விவேகம் போதிக்க நமக்கு உரிமையில்லை.

இங்கேதான் விடுதலைப் பயண நூலின் ஒரு கட்டளை வியப்பூட்டுகிறது. ஏழாம் நாள் ஓய்வு உழவு காலத்திலும் அறுவடைக் காலத்திலும்கூடக் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்கிறது அது (34:21). வேலை குறைந்த நாளில் ஓய்ந்திருப்பது எவர்க்கும் எளிது. மேகம் திரண்ட நாளில் ஓய்வு கேட்கும் அக்கட்டளை, கூலியாளையும் எருதையும் நினைவில் வைத்தே பேசுகிறது. நம் அவசரத்தின் எடை பெரும்பாலும் விழுவது அவர்கள் முதுகில் அல்லவா?

எசாயா இறைவாக்கினர், உழுகிறவன் ஓயாமல் உழுதுகொண்டேயிருப்பானா என்று கேட்கிறார் (28:24-26). நிலத்தைச் சமன்படுத்தியபின் அவன் ஒவ்வொரு விதையையும் அதற்குரிய இடத்தில் இடுகிறான். அந்த ஒழுங்கை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் கடவுளே என்கிறார். ஏட்டில் எழுதாமல் ஒரு பிடி மண்ணின் வழியே கற்பிக்கப்பட்ட ஞானம் அது. இந்தப் புரட்டாசியிலும் எங்கோ ஒரு வரப்பில் ஒருவர் குனிந்து மண்ணை அள்ளுகிறார். அவர் இன்று உழுவாரோ திரும்பிவிடுவாரோ, இரண்டில் எதைச் செய்தாலும் அவர் தம் கடமையைத் தொடங்கிவிட்டார்.