கல்லீரல் நோயாளியின் சோறு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சில் களிமண் கரைசல் ஊற்றிப் பொம்மை வார்ப்பவருக்கும், சூளை வெக்கையில் நிற்பவருக்கும் உடம்புதான் முதல். அவர்களில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டால், வீட்டார் முதலில் கை வைப்பது அவருடைய சோற்றில்தான். முட்டை நிற்கிறது, மீன் நிற்கிறது, எண்ணெய் நிற்கிறது. உப்பில்லாத மோர்ச்சோறும் கீழாநெல்லியும் மிஞ்சுகின்றன.

கீழாநெல்லி மீதான நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் சென்னை ஆய்வாளர் தியாகராஜனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1988-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக அது சொன்னது. பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. இன்று கிருமியை அடக்குவது டெனோபோவிர் போன்ற மாத்திரை. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். பலர் ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டும். அத்தனை ஆண்டும் மோர்ச்சோற்றில் ஓட்ட முடியுமா?

நோய் முற்றி ஈரல் சுருங்கும் நிலைக்குப் போகாதவருக்குத் தனிப் பத்தியமே வேண்டாம். வீட்டில் எல்லோரும் உண்ணும் சத்தான உணவே போதும். ஈரல் சுருங்கியவருக்குச் சாப்பாடு இன்னும் முக்கியம். சர்க்கரையைச் சேமித்து வைக்கும் திறன் ஈரலுக்குக் குறைவதால், இரவுப் பட்டினியில் உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கிறது. பெருவிரலின் அடிச்சதை வற்றும், தோள் எலும்பு துருத்தும். வயிற்றில் கோத்த நீரோ எடையைக் குறையாமல் காட்டி ஏமாற்றும். இவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு அது நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம். பருப்பு, முட்டை, பால், மீன் எல்லாம் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு தேறும். படுக்கப்போகும் முன் இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் பாலும் பழமுமோ அவசியம். நீர் கோத்தவர்கள் மருத்துவர் சொன்ன அளவுக்கு உப்பைக் குறைக்கட்டும்.

விருத்தாசலம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் பூமி. ஏழைக்குக் கைக்கெட்டிய புரதம் அது. ஆனால் ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு ஊறும். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு அது ஈரல் புற்றுநோய் அபாயத்தைப் பன்மடங்காக்கும். முறத்தில் பரப்பிச் சுருங்கியதையும் கறுத்ததையும் கசப்பதையும் எறிந்துவிடுவதே சரி.

ஒரே பந்தியில் உண்பதால் இந்நோய் தொற்றாது. வீட்டார் தடுப்பூசி போட்டுக்கொண்டு அவரோடு உட்கார்ந்து சாப்பிடலாம். தட்டைத் தனியே வைத்தால் பாதிச் சோறு தொண்டையிலேயே நின்றுவிடும்.

அடியோடு விலக்க வேண்டியது மது. முட்டையை நிறுத்திய வீடுகள் பல, மாலையில் அவர் குடித்துவிட்டு வருவதைக் கண்டும் காணாமல் விடுகின்றன. பத்தியம் காக்கும் மனவுறுதி நம்மிடம் நிறைய உண்டு. அதைச் சோற்றின்மேல் காட்டுகிறோம், சாராயத்தின்மேல் காட்டுவதில்லை.