பெயரைப் பின்னும் கை



பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்திற்கென்று குறோசே ஊசியும் கையுமாகப் போர்வை பின்னும் அம்மம்மாவைக் கண்டிருப்பீர்கள். 'ம', 'ரி', 'யா' என்று எழுத்துக்கொரு சதுரமாகப் பின்னி, பின்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்துவார். அடைத்துப் பின்னிய கட்டங்கள் எழுத்தாகும். அடைக்காது விட்டவை சுற்றிலும் இடைவெளியாகும். கட்டமொன்று எண்ணிக்கையில் பிசகினாலும் எழுத்துக் கோணலாகிவிடும். அதற்காக அவர் நூலை அறுத்தெறிவதில்லை. ஊசியைக் கழற்றி, நூலை இழுத்து, பிழைத்த இடம்வரை அவிழ்த்து, அதே நூலால் மீண்டும் பின்னுகிறார்.

ஞானஸ்நானச் சடங்கிலே குருவானவர் பெற்றோரிடம் முதலில் கேட்பதும் பிள்ளையின் பெயரையே. தம் உள்ளங்கைகளில் நம்மைப் பொறித்து வைத்திருக்கும் இறைவன் (இசையாஸ் 49:16), பாவத்தால் நாம் கோணலாகும்போது நம்மை அறுத்தெறிவதில்லை. பாவசங்கீர்த்தனத்திலே பிழைத்த இடம்வரை அவிழ்க்கிறார். அவிழும்போது நோகும்; ஆனால் நூல் வீணாவதில்லை.

நாமோ, வழிதவறிய அயல்வீட்டுப் பிள்ளையின் பெயரை மறந்து, 'குடிகாரன்' என்கிறோம். ஆண்டவர் அறுக்காத நூலை நாம் அறுக்கலாமா? இந்த வாரம் அவனைக் காணும்போது, ஞானஸ்நானத்தில் அவன் பெற்ற பெயரைச் சொல்லி அழைப்போமாக.