மிஞ்சிய மாத்திரை யாருடையது?

நம்மவர் கடைகளில் கல்லாப்பெட்டிக்குள் ஒரு மருந்துப் பை கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். போன மாதம் முதலாளிக்குக் காய்ச்சல் வந்தபோது கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள். மூன்றாம் நாளே உடம்பு தேறிவிட்டது. மீதியை எறிய மனமில்லை. இன்று கடைப் பையனுக்குத் தொண்டை வலி. "இந்தா தம்பி, ரெண்டு நாளைக்குப் போடு, சரியாயிடும்" என்கிறார் முதலாளி. டாக்டர் செலவும் மிச்சம், ஒரு நாள் லீவும் மிச்சம். காசு கொடுத்து வாங்கிய பொருள், இரக்கப்பட்டுக் கொடுத்த பொருள். இதில் பிழை என்ன?

இக்கேள்வியைப் பெனிசிலினைக் கண்டவரே எழுப்பிவிட்டார். 1928-ல் அதைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலிக்காரர் ஒருவர் தாமாகவே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறார். கிருமி சாகாமல் மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்கிறது. அது மனைவியைத் தொற்ற, அவருக்கு நிமோனியா காண்கிறது. மருந்து பலிக்கவில்லை, மனைவி இறந்துபோகிறார். இம்மரணத்துக்குப் பொறுப்பாளி யார்? அந்தக் கணவரே என்றார் பிளெமிங். (அவர் சொன்ன தொண்டைக் கிருமி இன்றளவும் பெனிசிலினுக்கு அடங்கியே வருகிறது என்பது வேடிக்கைதான். ஆனால் புண்ணில் சீழ் வைக்கும் கிருமி அப்படியன்று. அதற்கென்று 1960 வாக்கில் மெதிசிலின் வந்தது. 1961-லேயே அதையும் தாங்கும் கிருமி பிரிட்டனில் கண்டறியப்பட்டது.)

2015-ல் உலக சுகாதார நிறுவனம் 12 நாடுகளில் சுமார் 10,000 பேரை விசாரித்தது. 100-க்கு 76 பேர், மருந்துக்குப் பழகிப்போவது நம் உடம்பு என்றே எண்ணியிருந்தனர். பழகுவது உடம்பன்று, கிருமி. சிறு பிழைதானே என்று இதைத் தள்ளிவிடக்கூடாது. நம் கேள்விக்கே இதுதான் ஆணிவேர். உடம்பு பழகினால் நஷ்டம் நம்மோடு முடிந்துவிடும். கிருமி பழகினால், அது நாம் அறியாத ஒருவர் வீட்டுக்குப் போய்விடும். பிளெமிங் கதையில் கணவருக்குத் தம்மால் கெட்டவர் யாரென்று தெரிந்தது. நமக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. தெரியாததனால் பொறுப்பு குறையுமா? எடையில் இம்மி குறைத்து விற்றவன், எந்த வாடிக்கைக்காரருக்குக் குறைந்தது என்று அறியாவிட்டாலும், குறைத்தது குறைத்ததுதானே!

டாக்டர்களையும் இங்கே சும்மா விடுவதற்கில்லை. மலேசியாவில் 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டப்படி, டாக்டர் சீட்டில்லாமல் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் விற்கக்கூடாது. ஆனால் தனியார் கிளினிக்கில் யோசனை சொல்பவரும் டாக்டர், மருந்து கொடுப்பவரும் அவரே. சாதாரணச் சளிக்கு அது உதவாதென்று அவர் அறிவார். கொடுக்காவிட்டால் அடுத்த தெருக் கிளினிக்குக்குப் போய்விடுவோம் என்பதையும் அறிவார். இந்த நெருக்கடி வியாபாரிகளாகிய நமக்குப் புரியாததா? சாயம் போகும் கைலியைக் கேட்பவரிடம், "இது நிற்காது" என்று சொல்லிவிட்டு விற்கலாம். தெரிந்தே வாங்குகிறார், கணக்குத் தீர்ந்தது. இங்கோ, வாங்குபவரின் சம்மதம் கணக்கைத் தீர்ப்பதில்லை. நஷ்டப்படப் போகிறவர் கடைக்கே வரவில்லை அல்லவா? மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ல் மட்டும் உலகெங்கும் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாக ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

முதலாளியின் இரக்கம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. அது பாதி வழியில் நின்றுவிட்டது. மிஞ்சிய மாத்திரைகளை மலேசிய அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம். பையனைக் கிளினிக்குக்கு அனுப்பி, அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது, அன்றைய சம்பளத்தைப் பிடிப்பதா வேண்டாமா என்பதைத்தான் முதலாளி இனி முடிவு செய்ய வேண்டும்.