குற்றமற்ற நன்மை

நண்பன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான். அவனைக் கொல்ல வந்தவன் வாசலில் நின்று, "உள்ளே இருக்கிறானா?" என்று கேட்கிறான். இல்லை என்று சொல்லலாமா? கூடாது என்றார் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட். உண்மையைப் பெறும் உரிமை இல்லாதவனிடம் உண்மை பேசும் கடமையும் இல்லை என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெஞ்சமின் கான்ஸ்டன்டுக்கு மறுப்பாக 1797இல் அவர் எழுதிய கட்டுரையில் இது வருகிறது. பொய் சொல்லி அனுப்பும் நேரத்தில் நண்பன் வெளியே நழுவியிருந்து, கொலைகாரனிடம் தெருவில் அகப்பட்டால், அந்தச் சாவுக்குப் பொய் சொன்னவனும் பொறுப்பு என்பது அவர் வாதம். காண்டைப் போற்றுவோரிலும் பலர் இந்த இடத்தில் நெளிவதுண்டு.

குறள் வேறு இடத்தில் தொடங்குகிறது. தீங்கு தராத சொல்லே வாய்மை என்று 291ஆம் குறள் வரையறுக்கிறது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையாகும் என்கிறது அடுத்த குறள். இதை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் நன்மையைப் பிடித்துக்கொண்டு 'குற்றமற்ற' என்ற நிபந்தனையை நழுவவிடுகிறார்கள்.

வாசலில் கொலைகாரன் வருவது அரிது. மருத்துவமனையில் இந்தக் கேள்வி அன்றாடம் எழுகிறது. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஸ்கேன் ரிப்போர்ட்டை மகன் வாங்கிக்கொள்கிறான். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க." புற்றுநோய் வயிற்றுப் புண்ணாகிவிடுகிறது. இது கீழை நாட்டுக் குணம் என்பது சரியல்ல. 1961இல் சிகாகோ மருத்துவர்களிடம் நடந்த ஆய்வில் சுமார் 90 சதவீதத்தினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதில்லை என்றார்கள். 1979இல் அமெரிக்காவில் அதே கேள்விக்கு 97 சதவீதத்தினர் சொல்லிவிடுவோம் என்றார்கள்.

மகனின் அன்பு உண்மையானது. ஆனாலும் அந்தப் பொய்யால் கீமோ வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு அம்மாவின் கையைவிட்டுப் போகிறது; பேச்சு அறுந்த தம்பியைக் கூப்பிட்டுப் பேச இருந்த காலமும் போகிறது. சொல்லும் துயரத்திலிருந்து தப்புபவனோ மகன். இந்த நன்மையைக் குற்றமற்றது என்பது கடினம்.

"எதுவானாலும் பையன்கிட்ட சொல்லுங்க" என்று அம்மாவே சொல்லியிருந்தால் கணக்கு மாறும். அறியாமலிருப்பது அப்போது அவர் தேர்ந்தது. மனத்தில் உள்ளதையெல்லாம் சொல்லத் தேவையில்லை, இல்லாததைச் சொல்லக் கூடாது என்ற வேறுபாட்டைக் காண்டும் ஏற்றவர்தான். ஆனால் மௌனம் கேள்வி வரும்வரைதான் உதவும். தலையணையில் உதிர்ந்த முடியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "புண்ணுக்கு எதுக்குடா முடி கொட்டுது?" என்று அம்மா கேட்கும்போது, பேசாமல் இருப்பதும் ஒரு பதிலாகிவிடுகிறது.