இன்னும் ஒன்று

 



நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் பல வருடங்களாக அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தில் குடும்பத்தோடு இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அவரிடம் அனுமதி வாங்கித்தான் இதைப் பேசுகிறேன். போன மாதம் போன் செய்தார்.

"ஹஜ்ரத், வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது ஹராமா?"

"அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்தால், வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை தம்பி. எத்தனை வைத்திருக்கிறீர்கள்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏழு இருக்கு ஹஜ்ரத். எட்டாவதுக்குத்தான் வீட்டில் சண்டை" என்றார்.

நமக்கு இது விநோதமாகத் தெரியும். இந்தியாவில் லைசென்ஸ் கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்தாலும் 2019ல் வந்த சட்டத் திருத்தத்திற்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791லிருந்து அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. எண்ணிக்கைக்கு மத்திய அரசின் சட்டம் எந்த வரம்பும் போடவில்லை. 2018ல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு, அங்கே பொதுமக்கள் கையில் 39 கோடிக்கு மேல் துப்பாக்கிகள் இருப்பதாக மதிப்பிட்டது. மக்கள்தொகையைவிட அதிகம். ஆனால் எல்லா வீட்டிலும் துப்பாக்கி இல்லை. பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான் தங்களிடம் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் மிச்சம் எங்கே? வைத்திருப்பவர்களிடமே மேலும் மேலும் சேர்ந்திருக்கிறது.

அது எப்படிச் சேர்கிறது என்று அந்தச் சகோதரரே சொன்னார். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்தது, பயந்துபோய் ஒரு க்ளாக் பிஸ்டல் வாங்கினார். அதில் சுட்டுப் பழகத் தோட்டாச் செலவு அதிகமாகிறது என்று, சிக்கனத்துக்காக (சிக்கனத்துக்காக!) 22 கேலிபரில் ஒன்று. வீட்டுக்கு ஷாட்கன்தான் நல்லது என்று நண்பர் சொன்னார், அது ஒன்று. மான் வேட்டைக்குக் கூப்பிட்டார்கள், ரைஃபிள் ஒன்று. வேட்டைக்குப் போனது ஒரே தடவை. எல்லாவற்றையும் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வாங்கினார். அதில் பத்து வைக்கலாம். "காலியா இருக்கிற இடத்தைப் பார்த்தாலே கை அரிக்குது ஹஜ்ரத்" என்றார்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எந்தக் காரணமும் பொய் இல்லை. ஆனால் ஏழையும் சேர்த்துப் பார்த்தால் அதற்கு ஒரு காரணமும் இல்லை. ஒரு இரவில் ஒரு துப்பாக்கிக்கு மேல் யாருக்குத் தேவைப்படும்?

திருக்குர்ஆன் 102வது அத்தியாயத்திற்கு 'அத்தகாஸுர்' என்றே பெயர். அதிகம் தேடும் போட்டி கப்ருக்குப் போகும்வரை மனிதனைப் பராக்காக்கிவிடுகிறது என்று அல்லாஹ் அதில் எச்சரிக்கிறான். எதை அதிகம் தேடுவது என்று அங்கே குறிப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். தங்கமாக இருக்கலாம், நிலமாக இருக்கலாம், இரும்பாகவும் இருக்கலாம். ஆதமுடைய மகனுக்கு இரண்டு ஓடை நிறையச் செல்வம் இருந்தாலும் மூன்றாவதைத் தேடுவான், அவன் வயிற்றை மண்தான் நிரப்பும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

அக்காலத்தில் குதிரையும் ஒரு ஆயுதம்தான். சூரா ஸாதில் சுலைமான் (அலை) அவர்களின் சம்பவம் வருகிறது. மாலை நேரத்தில் உயர்ந்த ஜாதிக் குதிரைகள் அவர்கள் முன் கொண்டுவரப்படுகின்றன. ஜிஹாதுக்கான குதிரைகள், வீண் பொருள் அல்ல. பார்த்துக்கொண்டே இருந்தார்கள், சூரியன் மறைந்துவிட்டது. அஸர் தொழுகை தவறியது என்று முஃபஸ்ஸிர்களில் பலர் சொல்கிறார்கள். குதிரைகளைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள். அதன்பின் அவற்றை அறுத்தார்கள் என்று ஒரு விளக்கம், அன்போடு தடவிக்கொடுத்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக ஒரு விளக்கம். எப்படி இருந்தாலும், ஒரு நபி தன் மனம் எங்கே போய்விட்டது என்பதைக் கண்டுகொண்ட இடம் அது. அல்லாஹ்வுக்காகக் குதிரையை விட்டார்கள், அதற்குப் பகரமாகக் காற்றையே அல்லாஹ் வசப்படுத்திக் கொடுத்தான் என்று சில முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள்.

இதைச் சொன்னபோது அந்தச் சகோதரர், "இஷா நேரத்தில்தான் எடுத்து வைத்துத் துடைப்பேன்" என்றார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகச் சொன்னது.

குதிரை ஒருவருக்கு நற்கூலி, ஒருவருக்கு மறைப்பு, ஒருவருக்குப் பாவச்சுமை என்று நபி (ஸல்) அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரே குதிரை! பெருமைக்காகக் கட்டி வைத்தவனுக்கு அதே மிருகம் சுமையாகிவிடுகிறது. காலித் பின் வலீத் (ரலி) அவர்களிடமும் நிறையக் கவசங்களும் ஆயுதங்களும் இருந்தன. ஜகாத் தரவில்லை என்று அவர்கள்மீது புகார் வந்தபோது, அவர் அவற்றையெல்லாம் அல்லாஹ்வின் பாதைக்கு அர்ப்பணித்துவிட்டாரே என்று நபி (ஸல்) அவர்களே அவருக்காகப் பேசினார்கள். அந்த நபியின் கவசமோ, வஃபாத்தான நேரத்தில் முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது.

"வெறும் ஆசை மட்டும் இல்லை ஹஜ்ரத், முதலீடும்தான், விலை ஏறும்" என்றார். அப்படியா? விற்கும் நிய்யத்தில் வாங்கியிருந்தால் அது வியாபாரப் பொருள், வருடாவருடம் அதன் மதிப்பில் இரண்டரை சதவீதம் ஜகாத் கொடுங்கள் என்றேன். சிரித்துவிட்டார். உபயோகத்துக்கான ஆயுதத்தையும், ஓதுகிறவரின் கிதாபுகளையும் ஹனஃபி ஃபுகஹாக்கள் 'ஹவாயிஜ் அஸ்லிய்யா', அதாவது அடிப்படைத் தேவைகளில் சேர்த்தார்கள். தேவைக்கு மேல் வீட்டில் கிடக்கும் பொருளை ஃபித்ராவுக்கும் குர்பானிக்கும் நிஸாபில் கணக்கிட்டார்கள். கோடு எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிதாபு என்று சொல்லும்போதே எனக்கும் குத்துகிறது. என் அலமாரியில் ஒரே தஃப்ஸீர் இரண்டு பதிப்பு இருக்கிறது. இரண்டாவதை இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. வாங்கும்போது எனக்கும் காரணம் இருந்தது.

ஆனால் கிதாபு யாரையும் கொல்லாது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலை. அவர் வீட்டில் பதினைந்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். பள்ளிவாசலில் அம்போடு நடப்பவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று சொன்ன நபியின் உம்மத் நாம். பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். டிராயரில் என்றார். இனிமேல் அங்கே வைக்காதீர்கள் என்றேன்.

"அப்போ எல்லாத்தையும் வித்துடட்டுமா?" யாரிடம் விற்பது என்பதும் மஸ்அலாதான். ஃபித்னா செய்பவர்களிடம் ஆயுதம் விற்பதை ஃபுகஹாக்கள் தடுத்திருக்கிறார்கள். அங்கே தனிநபர் தனிநபருக்கு விற்றால், வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க மத்திய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சோதனை செய்து விற்கும் லைசென்ஸ் உள்ள கடையில் மட்டும் கொடுங்கள், விலை குறைந்தாலும் சரி என்றேன்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். நான்கு போய்விட்டது, எட்டாவது வாங்கவில்லை. வேட்டை ரைஃபிளை மட்டும் கடை வாசல்வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாராம். அவருக்காக துஆ செய்யுங்கள்.