இறைவன் கேட்கும் கணக்கு

துன்பம் நம்மைத் தீண்டும்போது, ‘எனக்கு ஏன் இது?’ என்று வினவுகின்றோம். அதே துன்பம் அண்டை வீட்டாரைத் தீண்டும்போதோ நமக்கு வினா எழுவதில்லை, விடையே எழுகின்றது. ‘அவர் செய்த பாவம்’ என்று கூறி அமைந்துவிடுகின்றோம். கிறிஸ்தவ நெறி இவ்வெளிய விடையை ஏற்கின்றதா என்பதே ஈண்டு நாம் ஆராய வேண்டுவது.

விவிலியத்தில் யோபு என்னும் நல்லோன் செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருந்தான். அவனைக் காண வந்த நண்பர் மூவரும் ஏழு நாள் வாய் பேசாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரையில் அவர்கள் நண்பர்களாகவே இருந்தனர். வாய் திறந்து, ‘நீ குற்றம் செய்திருப்பாய்’ என வழக்காடத் தொடங்கியபோதோ நீதிபதிகளாக மாறினர். நூலின் இறுதியில் இறைவனின் சினம் அந்நண்பர்கள் மீதே மூண்டது. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டதைக் குறித்துப் பேசிய இயேசு பெருமானும், மாண்டோர் ஏனையோரினும் பெரும் பாவிகள் அல்லர் என்றார். கேட்டு நின்றவர்களையே மனந்திரும்பச் சொன்னார். பிறர் துன்பம் அவர்தம் பாவக் கணக்கைப் படிப்பதற்கு நமக்களித்த ஏடு அன்று. அது நம் கணக்கை நாமே திறந்து பார்க்கச் சொல்லும் அழைப்பாகும்.

அக்கணக்கில் கேட்கப்படுவன எவை? மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் இதற்கு விடை கூறுகின்றது. பசித்தோர், தாகமுற்றோர், அந்நியர், ஆடையற்றோர், நோயுற்றோர், சிறைப்பட்டோர் ஆகியோருக்கு என் செய்தாய் என்பதே அங்கு கேள்வி. தள்ளப்பட்டோர் கொலையோ களவோ செய்தவர்களாகக் காட்டப்படவில்லை. செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதே அவர்கள் குற்றம்.

இக்கேள்விக்குத் தம் உடலாலேயே விடையளித்த பெண்மணி ஒருவர் மலேசிய மண்ணில் வாழ்ந்தார். அவர் சிபில் கார்த்திகேசு, கத்தோலிக்கர், தாதி. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், மருத்துவரான தம் கணவரோடு ஈப்போவை அடுத்த பாப்பான் சிற்றூரில் மக்களுக்கு மருத்துவம் பார்த்து வந்தார். காட்டிலிருந்து காயமுற்று வந்த எதிர்ப்புப் போராளிகளுக்கும் மறைவில் மருந்திட்டார். 1943இல் கைதாகிக் கெம்பித்தாய்க் காவலரின் கொடிய வதைக்கு ஆளானார். உடன் பணியாற்றியோர் பெயரைச் சொல்ல மறுத்தார். இறுதியில் சிறு மகளைக் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டி அவரை மிரட்டினர். அந்நிலையிலும் குழந்தையே தாய்க்குத் துணிவூட்டியதாகத் தம் நினைவு நூலில் அவர் எழுதியுள்ளார். குழந்தை உயிர் பிழைத்தாள். தாயோ பத்து காஜா சிறையிலிருந்து 1945இல் விடுதலையானபோது நடக்க இயலாதவராய் இருந்தார். 1947இல் ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர், 1948இல் பிரிட்டனில் காலமானார்.

ஈண்டு ஒரு கடிய வினா எழும். பிறர் உயிரைக் காக்கப் பெற்ற குழந்தையின் உயிரைப் பணயம் வைக்கத் தாய்க்கு உரிமையுண்டோ? ‘உண்டு’ என்று துணிந்துரைக்க என்னால் இயலவில்லை. பேசினால் எத்தனையோ பேர் மாள்வர். பேசாவிடில் மகள் மாள்வாள். எவ்வழியை ஏற்பினும் நெஞ்சில் சுமை இருந்தே தீரும். அத்தீயை மூட்டியது இறைவன் அல்லன், மனிதனே என்பது மட்டும் உறுதி. இறைவன்முன் கணக்குக் கொடுப்பவன் குறையே அற்றவன் என்பது பொருளன்று. தன் முடிவின் சுமையைப் பிறர் தலையில் ஏற்றாமல் தானே சுமப்பவன் என்பதே பொருள். ‘மேலோர் ஆணையிட்டனர், நான் செய்தேன்’ என்பான் கணக்கிலிருந்து தப்ப முயல்பவன் அன்றோ?

அத்தகைய பெருஞ்சோதனை நம்மில் பலர்க்கு வாராது. நமக்கு வருவன சிறியவை. ஆதலால் எளிதில் தவற விடுகின்றோம். நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது என் மாணவன் ஒருவனின் தந்தை நோயால் இறந்தார். தோட்டத்து வீட்டிற்குச் சென்று, ‘ஆண்டவர் சித்தம்’ என்று ஆறுதல் கூறித் திரும்பினேன். சில வாரங்களில் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். தாய் பால்மரம் வெட்டப் போக, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டில் இருந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். நாள்தோறும் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ எனப் பிழையின்றிக் குறித்து வந்தேன். மீண்டும் அவ்வீட்டிற்குச் செல்லவில்லை. ஆண்டவர் பெயரைச் சொல்லியாயிற்று; என் கடமை முடிந்தது என எண்ணினேன் போலும். அவன் திரும்பி வரவேயில்லை.

‘ஆண்டவர் சித்தம்’ என்பது துன்புறுவோன் தன் நெஞ்சில் தானே சொல்லிக்கொண்டால் விசுவாசம். அருகில் நிற்பவன் அதைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினால் அதுவே தட்டிக்கழித்தல். ஆசிரியப் பெருமக்களும் நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்களும் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. நம் பதிவேடுகளை மேலதிகாரிகள் பார்த்துக் கையொப்பமிடுவர். வாராத பிள்ளையைத் தேடி நாம் போனோமா என்பதை அவற்றில் எழுத இடமில்லை. அதை இறைவன் கேட்பான்.