விருந்தாளியின் கடன்

உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாதே என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் உண்ட வீட்டிலே தவறொன்று நிகழக் கண்டால் விருந்தாளி யாது செய்தல் வேண்டும்? வாய்மூடி இருத்தல்தான் நன்றியா? அன்றி, வாய்திறந்து சொல்லுதலும் நன்றியின் பாற்படுமா? அயல்நாடுகளிலே தங்கி எழுதவும் வரையவும் கலைஞர்கள் அழைக்கப்படும் இக்காலத்தில் இது வெறும் ஏட்டு வினாவன்று. கலைஞர் ஒருவரின் வாழ்வை முன்வைத்து இதனை ஆராய்வோம்.

றொனி ஹோர்ன் 1955 ஆம் ஆண்டு நியூயோர்க்கிற் பிறந்தவர். சிற்பம், ஓவியம், புகைப்படம், எழுத்து ஆகிய துறைகளில் உழைத்தவர். 1975 இல் முதன்முதலாக ஐஸ்லாந்துக்குச் சென்ற அவர், அதன் பின்னர் மீண்டும் மீண்டும் அங்கு சென்று தங்கினார். 1982 இல் தென்கரையிலுள்ள டிர்ஹோலாய் வெளிச்சவீட்டில் வாரக்கணக்காகத் தனியே தங்கி வரைந்தார். 1990 முதல் அந்நாட்டைப் பற்றிய நூல்வரிசையொன்றை வெளியிடலானார். ஆட்டுப்பட்டிகளும் வெந்நீர்த் தடாகங்களும் எரிமலைக் குழம்பு உறைந்த நிலமும் அந்நூல்களின் பொருளாயின. வெந்நீர்த் தடாகங்களில் நிற்கும் ஒரே பெண்ணின் முகத்தை நூறு படங்களாக்கியதும் இக்காலத்திலேதான். வெயிலும் மூடுபனியும் காற்றும் அம்முகத்தில் விளைவிக்கும் நுண்ணிய மாற்றங்களே அப்படைப்பு.

இவற்றைப் பார்க்கும் நம்மவரிற் சிலர், "இது சமுதாயத்திலிருந்து தப்பியோடுதல் அல்லவா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பாடசாலைக் கொப்பிகளைத் திருத்தி முடித்தபின் எஞ்சும் இரவுப்பொழுதில் எழுத உட்காரும் நமக்கு, வெளிச்சவீட்டுத் தனிமை என்பது எட்டாத செல்வம். தனிமையும் செல்வத்தைப் போலவே சமமின்றிப் பங்கிடப்பட்ட ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஒருவருக்கு ஒன்று கிடைத்தது என்பதைக் கொண்டு மட்டும் அவரை எடைபோடல் தகாது. கிடைத்ததை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதையும் பார்த்தல் வேண்டும்.

ஐஸ்லாந்தின் உள்நாட்டு மேட்டுநிலத்தில் ஆறுகளை மறித்து, அந்நீரின் மின்சாரத்தால் அலுமினியம் உருக்கும் திட்டங்கள் எழுந்தபோது, ஹோர்ன் அந்நாட்டுப் பத்திரிகையிலேயே அவற்றை எதிர்த்து எழுதினார். எதிர்ப்பு வெல்லவில்லை. 2003 இல் கட்டுமான வேலைகள் தொடங்கிய கௌராநியூக்கர் திட்டம் 690 மெகாவாட் வலுவுடைய மின்நிலையமாக முடிந்தது. அதன் நீர்த்தேக்கம் ஏறத்தாழ 57 சதுரக் கிலோமீற்றர் நிலத்தை விழுங்கியது. அவ்வளவு மின்சாரமும் கிழக்குக் கரையிலுள்ள ஒரேயோர் உருக்காலைக்காகவே. அவ்வாலை அல்கோவா என்னும் அமெரிக்க நிறுவனத்துக்குரியது.

இங்குதான் நமது வினா கூர்மையடைகிறது. கிழக்குக் கரையின் சிற்றூர்களில் தொழில் குன்றி, இளைஞர்கள் தலைநகரை நோக்கிப் பெயர்ந்துகொண்டிருந்தார்கள். அங்கு வேலை தேடிய ஒருவன் ஹோர்னைப் பார்த்து, "அம்மா, நீங்கள் இரசிக்கும் வெறுவெளி எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடுமா? நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள், நாங்கள் இங்கேயே இருக்க வேண்டியவர்கள்" என்று கேட்டிருந்தால் என்ன விடை கூறுவது? உழைப்பவன் பக்கம் நிற்பதாகச் சொல்லும் நாம் இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் இயலாது.

நாம் கருதும் விடை இது. நிலத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் உரிமை அந்நிலத்தில் வாழ்பவருக்கே உரியது. விருந்தாளிக்கு அதில் வாக்கில்லை. ஆனால் வாக்கில்லாதவருக்குச் சொல்லும் இல்லை என்றாகாது. இன்னுமொன்று: அவ்வாலையின் முதலாளியும் அங்கு விருந்தாளியே. கோடிக்கணக்கான மூலதனத்தோடு வந்த விருந்தாளி தன் விருப்பத்தைத் தாராளமாகப் பேசலாம், தூரிகையோடு வந்தவர் மட்டும் நன்றியின் பேரால் மௌனம் காக்க வேண்டும் என்பது என்ன நீதி? வேலையா, நிலமா என இரண்டிலொன்றைத் தெரியும்படி ஏழை மனிதனை நிறுத்திய ஏற்பாட்டையே நாம் முதலிற் கேள்விக்குட்படுத்தல் வேண்டும்.

உருக்காலை உற்பத்தியைத் தொடங்கிய 2007 ஆம் ஆண்டிலேயே, மேற்குக் கரையிலுள்ள ஸ்ரிக்கிஸ்ஹோல்மூர் என்னும் சிறு பட்டினத்தில் ஹோர்னின் 'நீர் நூலகம்' திறக்கப்பட்டது. பட்டினத்தின் பழைய நூலகக் கட்டிடத்தில் நிலத்திலிருந்து கூரைவரை நிற்கும் 24 கண்ணாடித் தூண்கள். அவற்றுள்ளே ஐஸ்லாந்தின் பனிக்கட்டியாறுகளிலிருந்து எடுத்து உருகவிட்ட நீர். அந்நாட்டின் ஓக் என்னும் பனிக்கட்டியாறு 2014 இல் அப்பெயருக்குரிய தகுதியை இழந்தது. 2019 இல் அதற்கு நினைவுப் பலகையும் வைத்தார்கள். இச்செய்தியோடு சேர்த்து நோக்குவோர்க்கு அத்தூண்கள் வெறும் அலங்காரமாகத் தோன்றமாட்டா.

தூண்களிலும் மேலாக நம்மைக் கவர்வன வேறு இரண்டு. வானிலையைப் பற்றி அவ்வூரவர் தம் வாயாற் சொன்ன அனுபவங்கள் திரட்டப்பட்டு அதே ஆண்டில் நூலாயின. மீனவரும் இல்லத்தரசியும் சொன்ன சொல்லே அங்கு இலக்கியமாயிற்று. அக்கட்டிடத்திலேயே பிற எழுத்தாளர்கள் தங்கி எழுதுவதற்கும் இடம் ஒதுக்கப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு மேலாக விருந்துண்டவர், அடுத்து வருபவருக்கு ஓர் அறையைத் திறந்து வைத்தார். தாம் பேசிய ஊரில், ஊரவர் பேசுவதைக் கேட்கவும் அமர்ந்தார்.

இவ்வமைப்பும் ஓர் இலண்டன் கலை நிறுவனத்தின் ஆதரவினால் உருவானதே. ஆகவே, கலைஞர் எவரது உதவியுமின்றி நிற்றல் வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. எவர் கையால் உண்டாலும், தங்கிய இடத்தின் மண்ணையும் மனிதரையும் தம் படைப்புக்கு வேண்டிய மூலப்பொருளாக மட்டும் கருதாதிருத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அவ்வாறு கருதுபவருக்கும் ஆற்றை மறித்தவருக்கும் அளவில்தான் வேறுபாடு.

ஹோர்னின் எழுத்து அணையைத் தடுக்கவில்லை. மேட்டுநிலம் நீருள் மூழ்கிவிட்டது. ஆயினும், வீடு விலைபோவதைக் கண்ட விருந்தாளி அதைச் சொல்லாமல் எழுந்து போயிருந்தால், அதுவன்றோ இரண்டகம்?